மீனம்மாவின் கை எட்டும்வரை

ஒக்டோபர் 9, திங்கள்

பின்னேரம் மூன்றேகாலுக்கு இந்த மாரியின் முதல் மழை. நான் கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க ஓடினேன். என் மனுசன் வீரகத்தி முற்றத்துக் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். உடுப்பு நனைந்தது, கதிரை தப்பியது. "கதிரை இருந்தாத்தானே மழையை இருந்து பாக்கலாம்" என்று விளக்கம் வேறு. இருபத்தேழு வருசம் இந்த மனுசனோடு குடும்பம் நடத்தியதற்குப் பிரதேச செயலகம் எனக்கு ஒரு சான்றிதழ் தரலாம்.

முதல் மழையின் சுகம் மண்ணின் மணம் என்பார்கள். எனக்கு அது இரண்டாவது. முதலாவது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குரல்: "அக்கா, ரொட்டிக்கு மாவு பிசையவா?"

இன்றைக்கு வரவில்லை.

பக்கத்து வளவு மீனம்மா என்னோடு கதைத்து இன்றோடு எட்டு நாள். முதியோர் தின விழா மேடையில் அவளை வைத்து ஒரு சின்னப் பகிடி விட்டேன். சின்னப் பகிடி. ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள், நான் மேடையிலிருந்து பார்த்தேன். சிரித்துவிட்டுக் கோபிப்பதென்றால் அது என்ன நியாயம்?

ஒக்டோபர் 10, செவ்வாய்

மழை. பக்கத்து வீட்டில் ரொட்டி சுடுகிறார்கள். மணம் மட்டும் வேலி தாண்டி வருகிறது.

ஒக்டோபர் 17, செவ்வாய்

வயல்கள் விதைத்து முடிந்தன. எங்கள் உடையார்கட்டில் இப்போது இரண்டே கதைதான்: குளத்தில் எத்தனை அடி, யாருடைய வரம்பை யார் வெட்டினார். தவளைகளும் கூட்டம் தொடங்கிவிட்டன. எங்கள் மாதர் சங்கக் கூட்டம் போலவே எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன, தீர்மானம் ஒன்றும் இல்லை.

கிணற்றுத் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. எங்கள் இரண்டு வளவுக்கும் ஒரே கிணறு. மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு குடும்பத்துக்கு ஒன்று என்று கட்டித் தந்தது. வேலி ஒரு பக்கத்தால் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நிற்கும், அடுத்த பக்கத்தில் மறுபடி தொடங்கும். கிணற்றுக்கு மட்டும் வேலி இல்லை. மோட்டர் இருக்கிறதுதான். ஆனால் வானம் கறுத்தாலே எங்கள் மின்சாரத்துக்குப் பயம் பிடித்துவிடும். ஆகவே மாரியில் கப்பியும் கயிறும்தான்.

கோடையில் பதினைந்து முழக் கயிறு வேண்டும். மழை பெய்யப் பெய்யப் பத்து, ஏழு, நாலு. பிறகு ஒருநாள் கயிறே வேண்டாம். குனிந்து வாளியால் அள்ளலாம். எங்களுக்கு அது 'கயிறு கழட்டுற நாள்'. அன்றைக்குக் கயிற்றைக் கப்பியிலிருந்து உருவி, சுருட்டி, ஒரு வருசம் என் குசினியில், அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம், மறுவருசம் அவள் குசினியில். இரண்டு வீட்டுக்கும் அன்று ஒரே அடுப்பு. ரொட்டி அவள் பொறுப்பு, ஊர்க்கதை என் பொறுப்பு. இரண்டையும் சுடச்சுடப் பரிமாறுவோம்.

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. என் கை எட்டினால் கணக்கில்லை. நான் பனையில் பாதி. என் கை நாலு நாள் முந்தியே தண்ணீரைத் தொட்டுவிடும். மீனம்மா கட்டையான ஆள். அவள் கிணற்றுக்கட்டில் வயிறு அழுந்தக் குனிந்து, விரலை நனைத்து, "எட்டிருச்சு" என்று சொன்னால்தான் செல்லும். பதின்மூன்று வருசமாக இதுதான் சட்டம்.

இப்போது நான் காலையில் தண்ணீர் அள்ளுகிறேன், அவள் மத்தியானம் அள்ளுகிறாள். ஒரே கயிறு. ஒருவர் விட்ட ஈரத்தில் மற்றவர் பிடிக்கிறோம்.

ஒக்டோபர் 29, ஞாயிறு

விடியத் தொடங்கின மழை. நானே ரொட்டி சுட்டேன்.

வீரகத்தி ஒரு துண்டு பிய்க்கப் பார்த்தார், பிய்யவில்லை. மேசையில் தட்டிப் பார்த்தார். "விமலா, இதை வயலுக்குக் கொண்டு போகட்டே? வரம்பு ஒரு இடத்தில உடைஞ்சிருக்கு."

ஐம்பத்தைந்து வயதில் எனக்கு ரொட்டி சுடத் தெரியாது என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். பதின்மூன்று வருசம் அவள் அடுப்படிப் பலகையில் இருந்து வாயை மட்டும்தான் ஆட்டியிருக்கிறேன். கதைக்க, தின்ன.

நவம்பர் 3, வெள்ளி

மழைக்காலத்தின் பெரிய சுகம் குடை. குடைக்குக் கீழே நடப்பதெல்லாம் மறைந்திருக்கிறது என்று ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இன்று சந்தியில் கண்டது: கடைக்கார நிருஷன், முன்பள்ளி ரீச்சர் யதுர்ஷிகாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறான். அதில் ஒன்றுமில்லை, நல்ல பெடியன். ஆனால் மழை விட்டுப் பத்து நிமிசம்! வெயிலே எறிக்கத் தொடங்கிவிட்டது! குடை மடங்கவில்லை!

இந்தக் கதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீட்டுக்கு ஓடி வந்து வீரகத்தியிடம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "மறந்திருப்பான்."

மீனம்மா என்றால் ரொட்டிக் கையோடு நெஞ்சில் தட்டி, "ஐயோ அக்கா, குடை எந்தப் பக்கம் சாஞ்சிருந்திச்சு?" என்று கேட்டிருப்பாள். அவன் பக்கமா, அவள் பக்கமா — அதுதான் கேள்வி! அதைக் கேட்கத் தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான்.

(அவள் பக்கம் சாய்ந்திருந்தது. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.)

நவம்பர் 8, புதன்

மாதர் சங்கத் தலைவி ஜெயரூபி குடையோடு வந்து, தேத்தண்ணீர் இரண்டு தரம் குடித்துவிட்டுப் போனா. ஆண்டிறுதிக் கூட்டத்தில் அதே பகிடியை நான் திரும்பச் செய்ய வேண்டுமாம்.

"மீனம்மா கோவமாயிருக்கிறா" என்றேன்.

"அவை அப்பிடித்தான். ஒரு பகிடி தாங்காதுகள்."

அவை. எவை?

அவ போன பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவக் கழுவ அந்தச் சொல் காதுக்குள் நின்றது. சரி, இனி எனக்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தப் பகிடி சின்னதில்லை.

மீனம்மா பிறந்தது மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில், வரிசைவீட்டு லயத்தில். எழுபத்தேழுக் கலவரத்தில் குடும்பமாக லொறி ஏறி வன்னிக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. வழி முழுக்க மழை. லொறிக்கு மூடின படங்கில் ஓட்டை. தகப்பன் குழம்புச் சட்டியைக் கவிழ்த்து அவள் தலையில் வைத்தாராம். மிஹிந்தலைப் பக்கம் வரும்வரைக்கும் சட்டியில் மழை விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு வந்தாளாம். ஒரு கயிறு கழட்டின நாளில், அடுப்படியில், சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்ன கதை.

அதைத்தான் நான் மேடையில் செய்தேன். சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவளுடைய பேச்சில், அவளுடைய நடையில். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "தோட்டக்காட்டார் வருகினம், வழி விடுங்கோ!" நான் என்ன செய்தேன்? மலையகத்து ஆட்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லைப் பிடித்து, சட்டிக்குள்ளிருந்து, அவள் குரலிலேயே திரும்பச் சொன்னேன். சிரிப்பு இரண்டு மடங்காகியது. நான் குனிந்து கும்பிட்டேன்.

கும்பிட்டனான். ஐயோ, கும்பிட்டனான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு தட்டில் முறுக்கும் பயத்தம் பணியாரமும் வைத்து, மேலே பொலித்தீன் மூடி, வீரகத்தியிடம் கொடுத்துவிட்டேன். மீனம்மாவின் மனுசன் வீரையாவோடு இவருக்கு ஒரு கோபமும் இல்லை. வயல் வரம்பில் இரண்டு பேரும் ஒரே வெற்றிலைப் பையில்தான் கைவைக்கிறார்கள்.

"வாங்கினவாவோ?"

"வாங்கினவா."

"என்ன சொன்னவா?"

"மழை எண்டு சொன்னவா."

"மழை எண்டு எனக்குத் தெரியாதே!"

நவம்பர் 13, திங்கள்

தட்டு வந்தது. சாம்பல் போட்டு மினுக்கிக் கழுவி, கிணற்றுக்கட்டில் வைத்திருந்தாள். வெறுந்தட்டு. வந்த தட்டில் ஒரு கரண்டி சீனியாவது, இரண்டு பச்சைமிளகாயாவது வைத்துத்தான் திருப்புவோம். அந்த வீட்டில் சீனி முடிந்த நாளில் அவள் ஒரு செவ்வரத்தம்பூ வைத்து அனுப்பியவள்.

என் முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கியிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. தெருவில் தண்ணீர் ஓடுகிறது. முன் ஒழுங்கைக்குள் ஒரு விரால் வந்துவிட்டதாம், அதைப் பிடிக்க ஓடிய ஆறு பேரும் சேற்றில் விழுந்தார்களாம், விரால் கௌரவமாக வாய்க்காலுக்குத் திரும்பிவிட்டதாம். இதையும் சொல்ல ஆளில்லை.

காலையில் கிணற்றில் குனிந்தேன். என் விரல் நனைந்தது. கணக்கில்லை, தெரியும். இருந்தாலும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மத்தியானம் வீரகத்தி வயலிலிருந்து வந்து, துவாயால் தலையைத் துடைத்துத் துடைத்து, முகத்தைக் காட்டாமல் சொன்னார்: "தை பிறந்து மழை விட்ட உடன வீரையா தன்ர வளவுக்குள்ள கிணறு வெட்டப் போறானாம். மேசனோட கதைச்சிட்டானாம்."

"ஏன்? இந்தக் கிணத்துக்கு என்ன?"

"கிணத்துக்கு ஒண்டுமில்லை" என்றார்.

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்த மனுசன் பேசாமல் இருக்கும்போதுதான் கூடப் பேசுகிறார்.

அவர்களுக்கென்று தனிக் கிணறு வந்தால் எங்கள் கிணற்றடியில் வேலி வந்துவிடும். அதற்குப் பிறகு நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். தண்ணீர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

நவம்பர் 24, வெள்ளி

போனேன்.

நேற்றுப் பின்னேரம் தொடங்கின மழை, குடையைக் கிழிக்கிற மாதிரி. போகும்போதே மூன்று பகிடி தயார் பண்ணினேன்: ஒன்று குடையைப் பற்றி, ஒன்று என் ரொட்டியைப் பற்றி, ஒன்று வீரகத்தியைப் பற்றி. ஆயுதம் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை.

மீனம்மா அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா" என்று எழும்பிப் போய், உள்ளேயிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

கதிரை! பதின்மூன்று வருசத்தில் அந்த வீட்டில் எனக்குக் கதிரை போட்டது இதுதான் முதல் தரம். கிராமசேவகர் வந்தால் போடுகிற கதிரை. நான் எப்போதும் அடுப்படிப் பலகையில்தான் இருப்பேன். பலகை அங்கேதான் கிடந்தது, அவளுக்குப் பக்கத்தில். துணிவு வரவில்லை. கதிரையில் இருந்தேன்.

குடைப் பகிடியைச் சொன்னேன். தேங்காய் திருவுகிற சத்தம். ரொட்டிப் பகிடியைச் சொன்னேன். மழைச் சத்தம். மூன்றாவதை விட்டுவிட்டேன்.

"மீனம்மா, நான் செய்தது பிழை" என்றேன்.

திருவலை நின்றது. "எது அக்கா?"

"உன்ர கதையைக் கொண்டுபோய் மேடையில வச்சது. அந்தச் சொல்லைச் சொன்னது."

அவள் திருவின தேங்காய்ப்பூவை ஒரு பக்கமாகக் கூட்டினாள். "அந்தச் சொல்லு எனக்குப் புதுசில்ல அக்கா. பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேன், கடையில கேட்டிருக்கேன். உங்க வாயில கேட்டதில்ல."

அவள் அடுத்த பாதித் தேங்காயைக் கையில் எடுத்தாள்.

"லொறிக் கதை நானே சிரிச்சிக்கிட்டு சொன்னதுதான். நான் சொல்லி நான் சிரிச்சா அது எங்க அப்பா கதை. நீங்க சட்டியைக் கவுத்துக்கிட்டு ஆடினப்ப, எனக்குப் பக்கத்துல இருந்த பொம்பள திரும்பி என் தலையைப் பாத்திச்சு."

"நீயும் சிரிச்சாய் எண்டு நினைச்சன்."

"சிரிச்சேன்தான். சிரிக்காம இருந்தா இன்னும் நாலு பேரு திரும்பிப் பாப்பாங்கல்ல?"

"மன்னிச்சுக்கொள், மீனம்மா."

அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அங்க நூறு பேருக்கு முன்னால சொன்னீங்க. இங்க அடுப்படியில வந்து மன்னிச்சுக்கோங்கறீங்க." கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் கூடிப்போச்சு என்பது போலச் சொன்னாள்.

தேத்தண்ணீர் தந்தாள். தட்டில் வைத்து. அதுவும் கிராமசேவகருக்கு மாதிரி.

நவம்பர் 25, சனி

அவள் சொன்னது சரி.

நவம்பர் 27, திங்கள்

மழை. சரி என்று எழுதுவது லேசு. நூறு பேருக்கு முன்னால் பகிடி இல்லாமல் நான் வாயே திறந்ததில்லை. என் கலியாணத்தன்றுகூட ஐயருக்கு ஒரு பகிடி சொன்னனான்.

டிசம்பர் 2, சனி

மாதர் சங்க ஆண்டிறுதிக் கூட்டம். மழையென்றபடியால் நூறு பேர் இல்லை, முப்பது இருக்கும். மீனம்மா வரவில்லை. நான் மேடைக்கு ஏறினேன்.

ஏறினதுதான், சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்! நான் இன்னும் வாய் திறக்கவில்லை!

"முதியோர் தினத்தண்டு நான் செய்த பகிடி பிழை" என்றேன். சிரிப்பு. "மீனம்மா தன்ர தேப்பனைப் பற்றி எனக்கு நம்பிச் சொன்ன கதையை நான் வித்துச் சிரிச்சனான்." இன்னும் சிரிப்பு. ஜெயரூபி முன்கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துத் துடைத்து, பக்கத்திலிருப்பவவுக்குச் சொல்கிறா: "பாருங்கோ, அழுகிற மாதிரியே நடிக்கிறா!"

முப்பது வருசம் இந்தச் சனத்தைச் சிரிக்கப் பழக்கினதன் சம்பளம் இது. இடையில் தகரக் கூரையில் மழை வேறு. கத்த வேண்டியிருந்தது. மன்னிப்பைக் கத்திக் கேட்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

பின்வரிசையில் ஒருத்தி சிரிக்கவில்லை. சுதர்சினி, மீனம்மாவின் அண்ணன் மகள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் எப்போதும் பின்வரிசையில்தான் இருக்கிறார்களென்று இன்றுதான் கண்டேன். இத்தனை வருசம் மேடையில் நின்றும் நான் பார்த்தது முன்வரிசையைத்தான்.

சிரிப்பு ஒவ்வொன்றாக விழுந்து அடங்கும்வரை நின்றேன். பிறகு சுதர்சினியைப் பார்த்தே சொன்னேன்: "அண்டைக்கு ஆரோ தோட்டக்காட்டார் எண்டு கத்தினது. அதை ஒலிபெருக்கியில சொன்னது நான். அது பகிடி இல்லை. இனி அந்தச் சொல்லை என்ர முன்னால ஆரும் சொன்னால், நான் அவையோட கதைக்கமாட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயரூபி கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, "சரி, அடுத்தது கோழிக்குஞ்சு விசயம்" என்றா.

நான் கதைக்கமாட்டேன் என்பது இந்த ஊரில் யாருக்காவது பயமுறுத்தலா? பலருக்கு அது நிம்மதியாகவும் இருக்கலாம்.

டிசம்பர் 3, ஞாயிறு

மழை இல்லை. ஒரு சத்தமும் இல்லை. என் ஊர்ச்செய்தி எல்லாம் பத்து நிமிசத்தில் ஊர் சுற்றும். இது இரண்டு வளவு தாண்டாதா?

டிசம்பர் 4, திங்கள்

மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பார்த்தால் மீனம்மாவின் கைக்கு இன்னும் ஒரு சாண் வேண்டும். நான் கிணற்றுக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எழுதிவைக்கவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 5, செவ்வாய்

காலையில் கிணற்றுக்கட்டில் ஒரு சிரட்டை. உள்ளே ஒரு கரண்டி சீனி. மேலே எறும்பு ஏறாமல் ஒரு பூவரசமிலை.

தீபாவளித் தட்டுக்கு உரியது. இருபத்துமூன்று நாள் பிந்தி.

டிசம்பர் 6, புதன்

விடியத் தூறல். பெரிய மழை இல்லை, தலையில் விழுந்தால் பேன் பார்க்கிற மாதிரி ஒரு தூறல். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா!"

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. ஓடினேன். ஐம்பத்தைந்து வயதுப் பனை ஓடினால் எப்படியிருக்கும் என்பதைப் பார்த்து வீரகத்தி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

மீனம்மா தன் பக்கத்தில் நின்றுகொண்டு, கிணற்றுக்கட்டில் வயிறு அழுந்தக் குனிந்திருந்தாள். ஒரு கை கட்டைப் பிடித்திருந்தது, மற்றக் கை உள்ளே. நான் என் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "எட்டிருச்சு" என்றாள், என் முகத்தை நேராகப் பார்த்து.

கயிற்றை இரண்டு பேருமாகக் கப்பியிலிருந்து உருவினோம். பதினைந்து முழமும் நனைந்து பாரமாக இருந்தது. அவள் சுருட்ட நான் பிடித்தேன். "இந்த வருசம் யாரு வீட்டுல?" என்று கேட்டாள். "உன்ர முறை" என்றேன். "அப்ப வாங்க, கல்லு காயுது" என்றாள்.

அடுப்படியில் பலகையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். இருந்தேன். நிருஷனின் குடைக் கதையைத் தொடங்கினேன். ரொட்டியைத் திருப்பாமல் கேட்டாள்: "குடை எந்தப் பக்கம் சாஞ்சிருந்திச்சு?" மூன்று ரொட்டி கருகியது. நாலாவதை நான் தின்றேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. வீரகத்தியிடமும் சொல்லவில்லை. இனிமேலும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கிணற்றிலிருந்து அவள் கையை எடுத்தபோது நான் பார்த்தேன். ஐந்து விரலிலும் ரொட்டி மா, பிசைந்த கையோடு அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு துளி நனையவில்லை.

"ஓம், எட்டிட்டுது" என்று மட்டும் சொன்னேன்.